செவியும் ஓர் அமானிதமே

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுக்கு அப்பால் வருவது யாதென ஓட்டுநரின் கண் அறியாது, காதுதான் அறியும். சென்ற மாரிக்காலத்தில் ஒருநாள் நாம் வந்த பேருந்தின் ஓட்டுநர், ஒவ்வொரு வளைவிலும் ஒலியெழுப்பிவிட்டுச் சற்றே செவி சாய்த்தார். ஓரிடத்தில், பாரம் ஏற்றிய லாரியொன்று முனகிக்கொண்டு ஏறிவரும் ஓசை கேட்டதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் விதி. சுமையோடு ஏறுவது நடுவில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினமன்றோ?

அடிவாரத்தில் இறங்கி, நண்பரின் வருகைக்காகத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். முதியவர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் அமர்ந்தார். மலைமேல் காப்பித் தோட்டமொன்றில் வேலை பார்ப்பவராம். தம் மகளை மருமகன் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டதையும், விவகாரம் ஜமாஅத்துக்குப் போனதையும் சொல்லத் தொடங்கினார். நாமோ கைப்பேசியைப் பார்த்தவாறே, "இன்ஷா அல்லாஹ், எல்லாம் சரியாகிவிடும்" என்று இடையிடையே கூறிக்கொண்டிருந்தோம். சிறிது நேரத்தில் பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தோம்.

"அங்கேயும் இப்படித்தான் தம்பி. எம் மகளை ஒரு வார்த்தை பேச விடலை. எல்லாம் சரியாப் போயிடும்னு அனுப்பிட்டாங்க" என்றார். தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அச்சொல் இன்றளவும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

செவி, பார்வை, உள்ளம் ஆகிய மூன்றைப் பற்றியும் மனிதன் விசாரிக்கப்படுவான் எனத் திருமறையின் 17ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. அங்கே செவி முதலாவதாகக் கூறப்பட்டிருப்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பொய்யும் புறமும் கேட்டதற்காக மட்டுமே அவ்விசாரணை என எண்ணிக்கொள்கிறோம். கேட்க வேண்டியதைக் கேளாமல் விட்டதற்கும் செவி விடைகூற வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களை முனாஃபிக்குகள் 'காது' என்று ஏளனம் செய்தனர். எவர் எது சொன்னாலும் கேட்டுக்கொள்பவர் என்பது அவர்கள் கருத்து. திருமறையின் 9ஆம் அத்தியாயத்தில் அவ்வேளனத்தையே எடுத்து, அது அவர்களுக்கு நன்மை பயக்கும் காது என இறைவன் மறுமொழி தருகிறான். இகழ்ச்சியாக வீசப்பட்ட சொல்லே பெருமானாருக்குப் புகழாயிற்று.

அந்தச் செவியை நாடித்தான் கவ்லா (ரலி) அவர்கள் வந்தார்கள். அவர்களின் கணவர் அவ்ஸ் (ரலி) சினத்தில் தம் மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கிவிட்டார். தந்தையையோ தமையனையோ அனுப்பாமல், அப்பெண்மணி தாமே பெருமானாரிடம் முறையிட்டார், வாதாடவும் செய்தார். அருகிலிருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே சில சொற்கள் கேட்கவில்லையாம். ஆனால் அல்லாஹ் கேட்டான். 58ஆம் அத்தியாயம் அம்முறையீட்டை இறைவன் கேட்டதாகக் கூறியே தொடங்குகிறது. 'அல்முஜாதிலா', அதாவது வாதிடும் பெண், என்பதே அதன் பெயர். பிற்காலத்தில் முதுமையுற்ற கவ்லா (ரலி) வழியில் நிறுத்திப் பேசியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நெடுநேரம் நின்று கேட்டார்கள். உடனிருந்தோர் வியக்க, இறைவனே கேட்ட குரலை உமர் கேளாதிருப்பதா என வினவினார்கள் என்பது வரலாறு.

எல்லாரும் சொல்வதைக் கேட்டால் நீதி தடுமாறாதா எனச் சிலர் ஐயுறலாம். கேளாமையால்தான் நீதி தடுமாறும். அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, முதலாமவர் சொல்லைக் கேட்டதுபோல் இரண்டாமவர் சொல்லையும் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்றே பெருமானார் அறிவுறுத்தினார்கள். கேட்பது வேறு, இணங்குவது வேறு. கவ்லாவின் வேண்டுகோளுக்கு அண்ணலார் உடனே இணங்கிவிடவில்லை. ஆயினும் அவர் வாயை அடைக்கவும் இல்லை.

நம் மஹல்லாக்களின் நிலை என்ன? பல ஊர்களில் பெண்ணின் துயரம் தந்தையின் வாயாலோ தமையனின் வாயாலோதான் சபைக்கு வருகிறது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் அவர்களின் முயற்சியால் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத் தோன்றியது. அதனை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். எனினும், நம் சபைகளின் செவி திறந்திருந்தால் அதற்குத் தேவை எழுந்திருக்குமா என்று இரு சாராரும் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஜமாஅத்தாரை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட இயலாது. அடிவாரத்துத் தேநீர்க் கடையில் நாமும் அச்சபையைப் போலவே நடந்துகொண்டோம். வீட்டில் வயது முதிர்ந்த தாய் ஏதோ சொல்ல வரும்போதும், மனைவி மனம்விட்டுப் பேச முனையும்போதும், பிள்ளை பள்ளிக்கூடத்துச் சங்கடத்தைச் சொல்லத் தயங்கி நிற்கும்போதும் நம் செவி எங்கே இருக்கிறது? அப்பெரியவரைக் காண நாடி இருமுறை மீண்டும் அக்கடைக்குச் சென்றோம், காணக் கிடைக்கவில்லை.

துயரத்தைச் சுமந்து வருபவர் மேடேறி வருகிறார். பதவியோ, கல்வியோ, வயதோ தந்த உயரத்திலிருந்து வருபவர்கள்தாம் நின்று வழிவிட வேண்டும். வல்ல அல்லாஹ், அவன் அளித்த செவியின் அமானிதத்தைப் பேணும் நல்லறிவை நம் அனைவர்க்கும் நல்கியருள்வானாக!