மாமா விசாரித்தார்

பதினேழு வயதில் மிகவும் பிடித்திருந்த படத்தை நாற்பது வயதில் திரும்பப் பார்க்காதீர்கள். பார்த்தே தீருவேன் என்றால், பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்துபோக ஒரு காரணமாவது கிடைக்கும்.

நான் தனியாகப் பார்த்தேன். படம், 'அமெலி'. ழான் பியர் ழெனே இயக்கி 2001-ல் வந்த பிரெஞ்சுப் படம். ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கல்லூரி முதல் வருடத்தில் பர்மா பஜாரில் விசிடி வாங்கினோம். பிரெஞ்சுப் படம் என்றதும் ஹாஸ்டல் அறையில் ஆறு பேர் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றும் வரவில்லை. அரை மணியில் நாலு பேர் மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அன்று ராத்திரியே இன்னொரு தடவை பார்த்தேன்.

பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் கதை. அமெலி, பாரீஸில் மோன்மார்த் பகுதியில் ஒரு காபிக் கடையில் பரிமாறும் பெண். 1997 ஆகஸ்ட் 31, டயானா இறந்த செய்தி டி.வி-யில் வருகிறது. அதிர்ச்சியில் கையிலிருந்த மூடியைத் தவறவிடுகிறாள். அது உருண்டுபோய் முட்டியதில் சுவரில் ஒரு டைல்ஸ் பெயர்ந்துவர, உள்ளே ஒரு தகரப் பெட்டி. எப்போதோ அந்த வீட்டில் இருந்த சின்னப் பையன் ஒளித்துவைத்த விளையாட்டுச் சாமான்கள். அந்தப் பையனை, இப்போது ஐம்பது வயசு ஆசாமியை, தேடிப்பிடித்து, யார் கொடுத்தது என்றே தெரியாமல் பெட்டி அவர் கைக்குப் போகும்படி செய்கிறாள். அவர் அழுகிறார். அவ்வளவுதான், இனி ஊருக்கெல்லாம் ரகசியமாக நல்லது செய்வது என்று கிளம்பிவிடுகிறாள். வீட்டைவிட்டு நகராத அப்பாவின் தோட்டத்துக் குள்ள பொம்மையைத் திருடி, விமானப் பணிப்பெண் தோழியிடம் கொடுத்து, உலகம் பூரா போட்டோ எடுக்கவைத்து அப்பாவுக்கு அனுப்புகிறாள்!

நடுவில் காதலும் உண்டு. போட்டோ பூத்களில் மற்றவர்கள் கிழித்துப்போட்ட படங்களைப் பொறுக்கி ஒட்டிவைக்கும் ஒரு பையன். நேரில் போய், 'உன்னைப் பிடிச்சிருக்கு' என்று சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகும். இவள் அம்புக்குறி போட்டு, துப்பு வைத்து, அவனைத் தெருத்தெருவாக அலையவிடுகிறாள். பதினேழு வயதில் எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. நானும் அப்போது ஒரு பெண்ணிடம் பேசாமல் இருப்பதற்கு ஏகப்பட்ட உத்திகள் வைத்திருந்தேன்.

நான் சொல்லவந்தது மதலேன் பற்றி.

மதலேன், அமெலி இருக்கும் கட்டடத்துக் காவல்கார அம்மாள். புருஷன் வேறொரு பெண்ணோடு ஓடிப்போய், தென்அமெரிக்காவில் விபத்தில் செத்துப்போனவன். இந்த அம்மாள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். அவன் வளர்த்த நாய் பாடம் செய்யப்பட்டு, சுவரில் எஜமானின் படத்தையே பார்த்தபடி நிற்கிறது. அமெலி அவனுடைய பழைய காதல் கடிதங்களைத் திருடி, ஜெராக்ஸ் எடுத்து, வரிகளை வெட்டி ஒட்டி, 'என்னை மன்னித்துவிடு, திரும்பி வருகிறேன்' என்று புதுக் கடிதம் ஒன்று தயாரிக்கிறாள். பழசாகத் தெரிய அதை டீயில் நனைக்கிறாள். பல வருஷங்களுக்கு முன் விபத்தில் சிக்கிய விமானத்தின் தபால் பை மலையில் கிடைத்ததாகப் பேப்பரில் வந்த செய்தியை வைத்து, அதில் இருந்த கடிதம் என்று தபாலில் சேர்த்துவிடுகிறாள். மதலேன் படிக்கிறாள். அவள் முகம் மாறுகிறது. ஹாஸ்டல் அறையில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்ட இடம் அது.

இப்போது அதே இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன்.

என் அம்மாவின் தம்பி பம்பாயில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கும்பகோணத்துக்குப் போன் வந்தால் அது மாமாதான். எத்தனையோ வருஷமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் மாமா போய்விட்டார். பாட்டிக்கு அப்போது 86. "அவங்க தாங்க மாட்டாங்கடா" என்றாள் அம்மா. எல்லோரும் கூடிப் பேசிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். தொண்டையில் ஆபரேஷன், டாக்டர் பேசக்கூடாது என்றிருக்கிறார் என்ற கதை, என் கைவரிசை. ஞாயிறுதோறும் என் போனைப் பார்த்து, மாமா அனுப்பியதாக நானே வாசிப்பேன். "மூட்டுவலி எப்படி இருக்குன்னு கேக்குறார் பாட்டி, தைலம் தேய்ச்சீங்களான்னு விசாரிக்கிறார்." நன்றாகவே எழுதினேன். மதலேன் ஞாபகம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அத்தை ஒரே ஒரு தடவை பேசினார். "நல்லா இருக்காரு அத்தை" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தவர், இனிமேல் என்னால் முடியாது என்று எனக்கு மெசேஜ் அனுப்பினார்.

இரண்டு மூன்று மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் பாட்டி கேட்டார்:

"தொண்டைதானேடா ரிப்பேரு? காலுமா? ஒரு நடை வந்து பாத்துட்டுப் போகக்கூடாதா?"

கொரோனா, டிரெயின் இல்லை என்றேன். தீபாவளிக்குத் தெருவில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். பொங்கலுக்கும் வந்தார்கள். அதன்பிறகு நான் மெசேஜ் வாசிக்க ஆரம்பித்தால் பாட்டி டி.வி சத்தத்தைக் கூட்டிவைப்பார். கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்குச் சொல்ல வேணாம். நீயே கொள்ளி வச்சிடு" என்றார். 2022 ஜூலையில் போய்விட்டார். அவர் சொன்னபடி நான்தான் வைத்தேன்.

அமெலி ஒரு மோசமான புருஷனைப் பொய் சொல்லி நல்லவனாக்கினாள். நான் ஒரு நல்ல பிள்ளையைப் பதினாலு மாதத்தில் நன்றிகெட்டவனாக்கினேன். உத்தி ஒன்றுதான், டீக்கறை மட்டும்தான் இல்லை.

வள்ளுவர் இப்படிப்பட்ட பொய்க்கு இடம் கொடுத்திருக்கிறார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால், அதனால் விளையும் நன்மை குற்றமில்லாததாக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்தேதான் சொல்கிறார். நாம் அந்தப் பாதியை விட்டுவிட்டுப் படிக்கிறோம். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் இன்னும் கறார். உன் நண்பனைக் கொல்ல வந்தவன் வாசலில் நின்று, 'அவன் உள்ளே இருக்கிறானா?' என்று கேட்டால்கூடப் பொய் சொல்லாதே என்று 1797-ல் கட்டுரையே எழுதினார். நம்மூரில் யாரும் அவரைப் பக்கத்தில் சேர்க்க மாட்டோம். ஆனால், ஒரு பொய்யில் யாருக்குக் கெடுதல் என்று நாம் போடும் கணக்கில், சொல்பவரும் கேட்பவரும் மட்டும்தான் வருகிறார்கள். யாரைப் பற்றிய பொய்யோ அந்த மூன்றாவது ஆளை யாரும் சேர்ப்பதில்லை. அதிலும் அவர் செத்துப்போயிருந்தால், 'நான் அப்படி இல்லை' என்று சொல்லக்கூட வரமாட்டார்.

படத்தைக் குறை சொல்லவில்லை. இயக்குநருக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது என்று இந்தத் தடவைதான் கவனித்தேன். காபிக் கடையில் அமெலி சூழ்ச்சி செய்து சேர்த்துவைக்கும் ஜோடியில், அந்த ஆள் சீக்கிரமே பழையபடி சந்தேகப் பேயாகிவிடுகிறான். பதினேழு வயதில் அதைச் சிரித்துக் கடந்திருக்கிறேன். இன்னொன்று, அமெலி பொய்யைத் தபாலில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விடலாம். ஞாயிறுதோறும் உட்கார்ந்து அடுத்த வரி எழுதவேண்டியதில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் பாட்டி அந்த மாதமே போயிருப்பார் என்கிறாள் அம்மா. இருக்கலாம். பிள்ளைக்காக அழுதுவிட்டுப் போயிருப்பார் என்கிறேன் நான். அதுவும் இருக்கலாம்தான். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் யாருக்காவது எதையாவது மறைத்துவைத்திருப்பீர்கள். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்கு எழுதினால்கூட, எங்கள் வீட்டு வாதம் தீருமா என்று சந்தேகம்.

பாட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், பரணில் ஏறி மாமாவின் படத்தை எடுத்தேன். மே மாதமே பிரேம் போட்டு வந்தது, பாட்டி கண்ணில் படாமல் இருக்கப் பழைய வேட்டியில் சுற்றிவைத்திருந்தோம். எங்கே மாட்ட என்று அம்மாவைக் கேட்டேன். பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாட்டி படத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணி அடித்தேன்.