வடு யாருக்குரியது?

கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள் என்கிறது சிலப்பதிகாரம். விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவில் அவளே கண்ணகை அம்மன். ஆண்டுதோறும் வைகாசியில் குளிர்த்திச் சடங்கு செய்து அவள் சினத்தைத் தணிக்கின்றோம். மார்பிழந்த தெய்வத்தை ஊர்கூடி வணங்கும் நாம், நோயினால் மார்பிழந்த மானிடப் பெண்ணை எவ்வாறு நோக்குகின்றோம்? அனுதாபம் என்னும் பெயரால் அவளை மூலையில் இருத்துகின்றோம். நோயின் பெயரையே உரத்துச் சொல்ல அஞ்சுகின்றோம்.

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோயே. சத்திரசிகிச்சை உயிரைக் காக்கின்றது; வடுவையும் விட்டுச் செல்கின்றது. மேலைநாடுகளில் அவ்வடுவின்மேல் பச்சை குத்திக்கொள்வோர் உளர். சிலர் இழந்த முலைக்காம்பின் தோற்றத்தையே மையினால் தீட்டுவிக்கின்றனர். சிலர் பூவையும் கொடியையும் விரும்புகின்றனர். அமெரிக்க எழுத்தாளர் டீனா மெற்ஸ்கர் 1977இல் ஒரு மார்பை இழந்தார். வடுவின்மேல் மரக்கிளையொன்றைப் பச்சை குத்திக்கொண்டு, கைகளை அகல விரித்து நின்று புகைப்படம் எடுப்பித்தார். அது சுவரொட்டியாகவும் பரவியது.

இது வெறும் அலங்காரமா? அன்று. கத்தியும் மருந்தூசியும் கதிர்வீச்சும் அவள் உடலில் நோயின் கட்டாயத்தால் நுழைந்தவை. பச்சை குத்தும் ஊசியோ அவள் தானே விரும்பி அழைத்த ஊசி. அது நோயைத் தீர்ப்பதில்லை; ஆனால் உடலை மீண்டும் அவளுக்கே உரியதாக்குகின்றது. வடு நன்கு ஆறிய பின்னர், வைத்தியரின் ஆலோசனையுடன் செய்யவேண்டியது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆயின், எல்லோருக்கும் இதுவே வழியா? அமெரிக்கக் கவிஞர் ஓட்ரி லோர்ட் தம் நோயனுபவத்தை 1980இல் நூலாக வெளியிட்டார். செயற்கை மார்பு அணிய மறுத்த அவர், அத்தகைய மறைப்பு பார்ப்போரின் வசதிக்கே என வாதிட்டார். எம் அயலூராகிய சாய்ந்தமருதில் ஒரு முஸ்லிம் பெண், பச்சை குத்துதல் மார்க்கம் விலக்கியது என ஒதுக்கலாம். இவர்கள் எவரும் தவறிழைத்தவரல்லர். கிளையை வரைவதும் வெறுமையாக விடுவதும் ஆடைக்குள் வைத்துக்கொள்வதும் அவரவர் உரிமை.

உரிமை என்று சொன்னால் மட்டும் போதுமா? இலவச வைத்தியம் உள்ள நம் நாட்டிலும், வயலில் கூலிக்கு உழைக்கும் பெண் வைத்தியசாலைக்குச் செல்ல நாட்கூலியை இழக்கவேண்டும். பஸ் கட்டணமும் தேடவேண்டும். கட்டியைக் கண்டும் நாணத்தால் வாய்திறவாதிருந்தால், தேர்ந்தெடுக்கும் காலமே அவளுக்கு வாய்க்காது. அந்த நாணம் அவளுடன் பிறந்ததன்று, நாம் சுமத்தியது. தெய்வத்தின் சினத்தைத் தணிக்கத் தெரிந்த ஊர், அந்தச் சுமையையும் இறக்கி வைக்கட்டும்.