ஐந்து என்னும் கோடு

1965ல் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றில் கண்ட புரதம் ஸி.இ.ஏ. கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் இருப்பது. ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதத்துக்கொரு முறை என் ரத்தத்தில் அதை அளக்கிறார்கள். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் வரை சரி என்பது வழக்கம். இம்முறை எனக்கு 5.8. புகை பிடித்தாலும் ஈரல் கெட்டாலும் இது ஏறும். புற்று திரும்பியும் ஏறாமலிருப்பதுண்டு. அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

வேலம்பாளையத்தில் பனியன் செக்கிங்கில் இருப்பவனுக்கு இது புதிதல்ல. லாட்டிலிருந்து சில பீஸ்களை எடுத்துப் பார்க்கிறோம். பழுது குறித்த எண்ணிக்கைக்குள் அடங்கினால் லாட் பாஸ். அனுப்பலாம் என்றுதான் அதற்குப் பொருள். மீதியில் பழுதில்லை என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. ஆனால் லாட் கப்பலேறிவிடும். உடம்போ வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

மனைவியிடம் சொல்வதா? தெரியாத ஒன்றை மறைப்பது பொய்யாகுமா? என்னிடம் இருப்பது வெறும் எண். சொன்னால் அவளுக்கு அது தீர்ப்பாகிவிடும். இப்படி மௌனத்துக்கு நியாயம் தேடலாம். நிச்சயமின்மையைத் தாங்கத் தகுதியுள்ளவன் நான் மட்டுமே என்ற அகந்தை அந்த நியாயத்துக்குள் இருக்கிறது. சாவு எனக்கு மட்டும் உரியதாயிருக்கலாம். காத்திருப்பில் அவளுக்கும் பங்குண்டு. அதைப் பறிக்க எனக்கு உரிமையில்லை.

5.8 என்று சொல்ல வேண்டும். இதற்கு இன்னும் அர்த்தம் ஏற்படவில்லை என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால், அது பொய்.