நலம் விசாரிப்பது யார் பொருட்டு?

பிறர் துயரைக் கேட்டு ஆறுதல் கூறுவதைத் தொழிலாகக் கற்கும் ஒருவர், தம் மனம் தளர்ந்திருக்குங்கால் அத்தொழிலைச் செவ்வனே ஆற்றுதல் கூடுமோ? கூடாதென்பதில் ஐயமில்லை. அங்ஙனமாயின், அவர் தளர்ந்திருக்கின்றாரா என்று வினவும் உரிமை யாருக்குண்டு? ஈண்டு நாம் ஆராயப் புகுவது இதுவே.

அமெரிக்காவில் மனநல ஆலோசகராகப் பயில்வோர், அக்கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் சபையின் விதிப்படி, இறுதிப் பயிற்சியில் 600 மணி நேரம் பணிபுரிதல் வேண்டும். அவற்றுள் 240 மணி நேரம் துன்புற்றோருக்கு நேரில் பணியாற்றுதல் வேண்டும். வாரத்திற்குச் சராசரி ஒரு மணி நேரம் மேற்பார்வையாளர் அவர்தம் வேலையைப் பரிசீலிப்பார். அம்மேற்பார்வையில் மாணாக்கரின் நல்வாழ்வுக்கும் இடம் வேண்டுமென, 2010-ஆம் ஆண்டில் லென்ஸ், ஸ்மித் என்னும் இருவர் ஒரு முறை வகுத்தனர். நல்வாழ்வு இன்னதென மாணாக்கர் கற்பர்; தம் உடல், உள்ளம், உறவு ஆகியவற்றின் நிலையை அளந்து பார்ப்பர்; மேற்பார்வையாளருடன் கூடித் திட்டமிடுவர்; பின்னர் அதன் பயனைச் சீர்தூக்குவர்.

நோக்கம் நன்றே. ஆயின் கேட்பவர் யார்? மாணாக்கர் தேறினார், தேறவில்லை என்று எழுதும் பேனாவும் அவர் கையிலன்றோ இருக்கின்றது! தோட்டத்து அன்பர்கட்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அக்காலத்தில் காலைப் பெரட்டில், "என்னடா உடம்புக்கு?" என்று கங்காணி கேட்பான். வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவென்று அவனுக்குக் காசு உண்டு. காய்ச்சல் கொதிக்கையிலும், "ஒண்ணுமில்லீங்க கங்காணி" என்றவர் எத்தனை பேர்!

அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் 2014-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் இவ்விடர்ப்பாட்டை ஓரளவு உணர்ந்தே எழுதப்பட்டுள்ளன. மேற்பார்வையாளர் தம் மாணாக்கருக்குத் தாமே ஆலோசகராக அமரலாகாது. வேண்டுவோர்க்குத் தக்க வேறிடம் காட்டுதல் வேண்டும். ஆனால், தம் நலக்குறைவால் பிறர்க்குத் தீங்கு நேருமென்று அறியும் மாணாக்கர் அதனை அறிவித்தல் வேண்டுமென்றும் அவ்விதிகளே பணிக்கின்றன. அறிவிப்பது யாரிடம்? அதே பேனாக்காரரிடந்தான்!

ஆகவே நலம் விசாரித்தலே தகாதென்பாருளர். நாம் அவரோடு உடன்படோம். கேளாதிருத்தல் மரியாதை போலத் தோன்றும். அதன் கேடோ, மாணாக்கர் எதிரே அமர்ந்து அழும் ஏழையின் தலையில் விடியும். எச்சொல் ஏட்டில் ஏறும், எச்சொல் ஏறாது என்பதை முதல் நாளே மேற்பார்வையாளர் உரைத்துவிடுவாராக. அதன்பின் எதனைப் பேசுவதென்பதை மாணாக்கரே தெரிந்துகொள்ளட்டும்.

மற்றொன்றும் உண்டு. இப்பயிற்சியைப் பலர் ஊதியமின்றியே செய்கின்றனர். வயிற்றுப்பாட்டிற்கு இரவில் வேறு வேலைக்கும் போகின்றனர். அத்தகையாரிடம், "மூச்சை இழுத்துவிடு, வேளையோடு உறங்கு" என்று உபதேசித்தல் நகைப்புக்கிடமன்றோ? அவ்விடத்து மேற்பார்வையாளர் நிர்வாகத்திடம் சென்று, அம்மாணாக்கருக்கு அவ்வாரம் ஒதுக்கிய வேலையைக் குறைக்குமாறு வாதாடுதல் வேண்டும்.