நூற்றுக்கு நூறா? நாற்பதுக்கு நாற்பதா?



ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் எண்ணூரில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கும். பள்ளிக்கூடம் திறக்கும்; பல வீடுகளில் கையில் காசு இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளைகள் நோட்டு, பை, செருப்பு என்று கேட்டு நிற்பார்கள். அதே நாட்களில்தான் என்னைப் போன்ற டீச்சர்களும் புது நோட்டின் முதல் பக்கத்தில் "இந்த ஆண்டின் இலக்கு" என்று எழுதிக் கோடு போடுவோம்.

நான் கணக்கு டீச்சர். பல வருஷமாக அந்தப் பக்கத்தில் ஒரே வரிதான் எழுதினேன்: "பத்தாம் வகுப்பு கணக்கில் 100 சதவீதத் தேர்ச்சி." நல்ல இலக்குதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஒரு வரி என்னை என்ன செய்ய வைத்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷம் என் ஒன்பதாம் வகுப்பில் 40 பிள்ளைகள். அதில் 4 பேருக்கு வகுத்தலே வராது. ஆண்டுக் கடைசி மீட்டிங்கில், "அடுத்த வருஷம் ரிசல்ட் கெட்டுப்போகக் கூடாது" என்று சொன்னார்கள். யாருடைய பேரையும் அவர்கள் சொல்லவில்லை. பேரை எழுதிக் கொடுத்தது நான்தான். அந்த நாலு பேரில் ஒரு பையனின் அம்மா மீன்கூடையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு என்னைப் பார்க்க வந்தார்கள். "டுடோரியல்ல சேர்த்து பிரைவேட்டா எழுத வையுங்கம்மா, அவனுக்கு அதுதான் நல்லது" என்றேன். அந்த அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சரம்மா" என்று டி.சி.யை வாங்கிக்கொண்டு போனார்கள். பையன் எந்த டுடோரியலுக்கும் போகவில்லை. மறுவருஷம் 36 பேர் எழுதி 36 பேரும் பாஸ். எனக்கு மேடையில் சால்வை போர்த்தினார்கள்.

கணக்கு டீச்சருக்கு இது தெரியாதா? 40-ல் 36 என்றால் 90 சதவீதம். அதை நூறாக்க இரண்டு வழி உண்டு. மேலே இருக்கிற 36-ஐ 40 ஆக்கலாம். அதற்கு ஒரு வருஷம் உழைக்கவேண்டும். கீழே இருக்கிற 40-ஐ 36 ஆக்கலாம். அதற்கு நாலு டி.சி. போதும்.

இந்தச் சோதனை நம் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. 1862-ல் இங்கிலாந்து தேசத்தில், பரீட்சையில் தேறுகிற பிள்ளைகளின் தலையை எண்ணிப் பள்ளிக்கு மானியம் கொடுக்க ஆரம்பித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நம் சென்னை மாகாணத்திலும் தேர்ச்சியைப் பார்த்து மானியம் கொடுத்த காலம் உண்டு. இன்ஸ்பெக்டர் என்ன கேட்பாரோ அதுவே படிப்பு என்றாகிவிட்டது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில், 44 பள்ளிகளில் ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களுமாக 178 பேர் பரீட்சை மோசடியில் சம்பந்தப்பட்டார்கள் என்று 2011-ல் விசாரணை அறிக்கை வந்தது. பிள்ளைகள் தப்பாக எழுதிய விடையை அழித்துத் திருத்திய ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். இவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடா வேலைக்குச் சேர்ந்தார்கள்? இல்லையே! இலக்கு ஒரு எண்ணாகி, அந்த எண்ணுக்குப் பயந்தபோது பிள்ளை மறந்துபோயிற்று.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. அதுவரை பிள்ளைக்குச் சட்டம் காவல். ஒன்பதாம் வகுப்பில் டீச்சருடைய மனசாட்சிதான் காவல். அந்தக் காவல் அன்றைக்குத் தூங்கிவிட்டது.

"அப்படியானால் பாஸ், பெயில் எதுவும் முக்கியமில்லையா டீச்சர்?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்ல கேள்வி. முக்கியம்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீசியன் படிக்கப் பத்தாம் வகுப்பு பாஸ் வேண்டும். 2025-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீதி சுமார் 54 ஆயிரம் பிள்ளைகள். ஒவ்வொன்றும் ஒரு வீடு, ஒரு தாயின் கண்ணீர். "நான் சொல்லிக் கொடுத்தேன், அவன் படிக்கல" என்று கை கழுவுவதும் பொய்தான். ஆகவே எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏப்ரலில் எண்ணிப் பாருங்கள். ஆனால் ஜூனில் எண்ணிய தலைகளில் கை வைக்காதீர்கள் என்கிறேன்.

ஆகையால் இப்போது முதல் பக்கத்தில் நான் வேறு விதமாக எழுதுகிறேன்.

முதலாவது, ஜூனில் ரிஜிஸ்டரில் இருக்கிற பேர் எல்லாம் மார்ச்சிலும் இருக்கவேண்டும். ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் நான் அந்த வீட்டுக்குப் போவேன்.

இரண்டாவது, முதல் இரண்டு வாரம் புதுப் பாடம் எடுக்கமாட்டேன். யார் வகுத்தலில் நிற்கிறான், யார் பின்னத்தில் நிற்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மார்க் போடமாட்டேன்.

மூன்றாவது, டிசம்பரை நம்பிப் பாடத்தைத் தள்ளிப்போடமாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவி, வலையும் படகும் கறுத்துப்போயின. அது அடங்குமுன் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட ஊரில் இரண்டு வாரத்தை மிச்சம் வைக்காத திட்டம் திட்டமே அல்ல.

கவனித்தீர்களா? இந்த வரிகளில் "செய்வேன்", "செய்யமாட்டேன்" என்பதெல்லாம் என்மேல் விழுகிறது. பழைய வரியிலோ பிள்ளைகள் தேறவேண்டும், சால்வை எனக்கு!

அந்தப் பையனைச் சில வருஷம் கழித்துத் திருவொற்றியூர் தேரடியில் பார்த்தேன். கன்டெய்னர் லாரியில் வேலை செய்கிறானாம். என் பையை வாங்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றினான். கோபமே இல்லை. "நல்லவேளை டீச்சர், நான் இருந்திருந்தா உங்க ரிசல்ட்டைக் கெடுத்திருப்பேன்" என்று சிரித்தான். இத்தனை வருஷமாக அவன் அதை நம்பிக்கொண்டிருக்கிறான்! "அப்படி இல்லப்பா, தப்பு என்னோடது" என்று நான் வாய் திறப்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

நூறு ஆடுகளில் ஒன்று தொலைந்த உவமையைச் சண்டே ஸ்கூலில் எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருப்பேன்! அந்த மேய்ப்பன், "தொண்ணூற்றொன்பதுக்குத் தொண்ணூற்றொன்பது இருக்கிறது" என்று கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லையே.

பிரியமானவர்களே, நீங்கள் டீச்சராக இல்லாமல் இருக்கலாம். கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கலாம், நாலு பிள்ளைகளைப் பெற்ற தகப்பனாக இருக்கலாம். உங்களிடமும் ஒரு கணக்கு ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது. மேலே இருக்கிற எண்ணைப் பார்த்து மகிழுமுன் கீழே இருக்கிற எண்ணை ஒருதரம் பாருங்கள். அதிலிருந்து யாருடைய பேரையாவது நீங்கள் அடித்திருக்கிறீர்களா?