காண்பதற்கும் ஓர் எல்லை உண்டோ?

ஒன்றைக் காண்பதால் அதற்குக் கேடு விளையுமா? தொடவில்லை, எடுக்கவில்லை, அடிக்கவில்லை. கண்ணாற் கண்டு மகிழ்ந்தோம், அவ்வளவே. இதில் அறம் பிழைபட என்ன இருக்கிறது என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். திருகோணமலைக் கடலில் ஒரு சிறு படகில் அமர்ந்திருந்த காலைப்பொழுது அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது.

நான் கடற்கரையிற் பிறந்தவன் அல்லன். திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரையைக் கடந்து, அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் இருக்கும் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்தவன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். எதிரே தெரியும் மலைமேல் உறையும் முனிவர் ஒரு காலத்தில் கடலையே குடித்தவர் என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த எங்களுக்குக் கடலே ஒரு கதைப்பொருள். திமிங்கிலமோ கதைக்குள் ஒரு கதை. ‘திமி’ என்னும் பெருமீனையே விழுங்குவதால் அதற்கு அப்பெயர் வந்தது என்றார் எங்கள் தமிழாசிரியர். 30 மீட்டர் வரை வளரக்கூடிய நீலத் திமிங்கிலம் கூனிப்பொடி போன்ற சிற்றுயிர்களை உண்டே வாழ்கிறது என்று பின்னாளிற் படித்தபோது, பெயர் வைத்தவர்கள் அருகில் சென்று பார்க்கவில்லை போலும் என்று சிரித்துக்கொண்டேன்.

2023 மே மாதம் மனைவியோடும் மகளோடும் இலங்கை சென்றேன். (நடுவணரசு ஊழியனின் விடுமுறைப் பயணச் சலுகை கடலைத் தாண்டாது, சேமிப்பே துணை.) திருகோணமலையில் கரைக்கு அண்மையிலேயே கடலடியில் ஓர் ஆழ்பள்ளத்தாக்கு தொடங்குவதால், ஆழ்கடலில் வாழும் திமிங்கிலங்களை அங்கே வெகுதொலைவு செல்லாமலே காணலாம். நிலாவெளியில் நாங்கள் ஏறிய பைபர் படகுக்குக் கூரை இல்லை. கை நீட்டினால் நீர். இரண்டு மணி நேரம் வெயிலையும் உப்பையும் தின்ற பின், தொலைவில் வெண்புகை போல் ஒரு மூச்சு எழுந்தது. அதன்பின் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு, முடிவே இல்லாததுபோல் உருண்டு சென்றது. அந்த நேரத்தில் நான் என் வயதையும் மறந்தேன், வேலையையும் மறந்தேன்.

அடுத்த கணம், “இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமே” என்றேன். கூடுதலாகப் பணம் தருவதாகவும் சொன்னேன். படகோட்டி தலையசைத்தார். “கிட்டப் போக ஏலும், ஐயா. போனா அது அடியில போயிடும்.” 100 மீட்டருக்குள் நெருங்கலாகாது என்பது அந்நாட்டு விதி. ஆனால் வேறொரு படகு எங்களைக் கடந்து விரைந்தது. திமிங்கிலம் வாலை உயர்த்தியது, நீர் மூடிக்கொண்டது. ஒலியாலேயே ஒன்றோடொன்று பேசி வாழும் உயிருக்கு எங்கள் எஞ்சின்களின் இரைச்சல் எவ்வாறு கேட்டிருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன்.

அந்த இடத்தில் எனக்கு என் தாயின் நினைவு வந்தது. போனக்காட்டுத் தேயிலை ஆலை ஓய்ந்த பின்னும் லயத்தை விட்டு வர மறுத்துவிட்டவர் அவர். அங்கே பாழடைந்து நிற்கும் வெள்ளைக்காரத் துரை பங்களாவிற் பேய் உலவுகிறது என்ற கட்டுக்கதையை நம்பிக் கார்களில் வருவோர் பலர். அவ்வாறு வந்த இளைஞர் சிலர், வாசலிற் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் தாயை நோக்கி ஒருநாள் கேமராவைத் திருப்பினர். அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர்களோ அவர் மீண்டும் வெளியே வரட்டும் என்று காத்திருந்தனர். நான் சினந்து பேசி அனுப்பினேன். “நாங்கள் என்ன செய்துவிட்டோம்? மலை அழகாக இருக்கிறது, பார்க்க வந்தோம்” என்றனர். படகிலிருந்த நான் சொல்லக்கூடியதும் அதுவேதான். திமிங்கிலத்துக்காவது மூழ்கிப் போக ஆழமான கடல் இருந்தது. என் தாய்க்கு இருந்தது ஓர் அறை.

அப்படியானால் பார்க்கவே வேண்டாமா? அவ்வாறு முடித்துவிடவும் மனம் ஒப்பவில்லை. இருபதாம் நூற்றாண்டில் திமிங்கிலத்தை நெருங்கிச் சென்றவர்களிற் பெரும்பாலோர் ஈட்டியோடு சென்றவர்கள். 1979-இல் இந்துமாக்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதற்கும், 1986 முதல் வணிக வேட்டைக்குத் தடை வந்ததற்கும், அவ்வுயிரைக் கண்டு வியந்தோரின் குரலும் ஒரு காரணம். எங்கள் லயங்களின் நிலையைச் செய்தித்தாள்களில் எழுதியவர்களும் வந்து பார்த்தவர்களே அல்லரோ? ஒருவரும் எட்டிப் பாராத துன்பம் ஊமையாகவே கிடந்துவிடும்.

மேலும், நெருங்காதிருப்பதே தவறாகும் வேளையும் உண்டு. 2016 சனவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாட்டுக் கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் தங்கள் படகுகளால் அவற்றைக் கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டனர், சில திரும்பவும் கரைக்கே வந்தன, பல மாண்டன. அங்கே 100 மீட்டர்க் கணக்குப் பார்த்திருந்தால் அது கொடுமை. ஆனால் மணப்பாட்டு மீனவர் நெருங்கியது அவ்வுயிரின் தேவைக்காக. நான் நெருங்க விரும்பியது என் தேவைக்காக. ‘அன்பினாலே’ என்று சொல்லிக்கொண்டாலும் அவ்விரண்டும் ஒன்றாகிவிடா.

எங்கள் படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். கால் மணி நேரம் படகு தானாக அசைந்துகொண்டிருந்தது, மகளும் பேசவில்லை. வெகு தொலைவில் மறுபடியும் ஒரு மூச்சு எழுந்தது. யாரும் ‘பக்கத்தில் போ’ என்று சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் போனக்காடு சென்று தாயிடம் எல்லாவற்றையும் விவரித்தேன். லயத்தைவிட நீளமா என்று கேட்டார், அப்புறம், “அது உங்களைப் பாத்துச்சாடா?” என்றார். தெரியவில்லை, அம்மா, என்றேன்.