சாட்சி பகர்தல்



"அஷ்ஹது" என்னும் அரபுச் சொல்லுக்கு "சாட்சி பகர்கின்றேன்" என்று தமிழில் பொருள் சொல்லி வருகிறோம். இன்று பேச்சில் எவரும் "பகர்ந்தேன்" என்பதில்லை. சீறாப்புராணம் போன்ற காப்பியங்களிலும், நம் பிள்ளைகள் மதரஸாவில் பாடம் செய்யும் கலிமாவின் பொருளிலுமே அச்சொல் வாழ்கின்றது.

"சொல்லுகின்றேன்" என்றால் போதாதா? போதாது. கேள்விப்பட்டதையும் சொல்லலாம், விளையாட்டாகவும் சொல்லலாம். "ஷஹித" என்னும் வினைக்கோ நேரில் இருத்தல், கண்டறிதல் என்பது பொருள். அறிந்த உண்மையைப் பலரறிய உறுதியாக எடுத்துரைப்பதே ஷஹாதத்.

பகர்தலுக்கு "விற்றல்" என்றும் ஒரு பழம்பொருள் உண்டு. புகார் நகர வீதிகளில் வாசனைப் பொருள் விற்றுத் திரிந்தோரைச் சிலப்பதிகாரம் "பகர்வனர்" என்கிறது. கூவி விற்பவன் தன் சரக்குக்குத் தானே பொறுப்பாளி அல்லவா? பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், உள்ளே ஈரம். நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். (முஸ்லிம்)

நம் கலிமாவும் அப்படி மேலே காய்ந்து, உள்ளே நனைந்ததாக இருந்துவிடலாகாது. முனாபிக்குகளும் நபியவர்களிடம் வந்து சாட்சி பகர்ந்தார்கள். அவர்கள் மொழிந்த சொல் உண்மையே. ஆயினும் அவர்கள் பொய்யர்கள் என்று அல்லாஹ்வே சாட்சி கூறுகின்றான். (63:1) உள்ளம் உடன்படாத சாட்சி அது.

சகோதரர்களே! தொழுகைதோறும் அத்தஹிய்யாத்தில் "அஷ்ஹது" என்று விரலுயர்த்துகிறோம். அதே விரலால், கண்ணால் காணாத கொடுக்கல் வாங்கலுக்கு, உறவுக்காகப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து இடலாமா? பெரும் பாவங்களை எடுத்துரைக்கையில், சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் பொய்ச் சாட்சியைக் குறிப்பிடும்போது நிமிர்ந்தமர்ந்து, திரும்பத் திரும்பக் கூறினார்கள். (புகாரி, முஸ்லிம்) உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்கே சாட்சியாய் நில்லுங்கள் என்பது திருமறையின் கட்டளை. (4:135)

மேலூர்ச் சந்தையில் நெல் அளக்கும் கையும், பள்ளியில் உயரும் விரலும் ஒரே மனிதனுடையவை. நாவு பகர்ந்ததை நம் நடத்தையும் பகரட்டும். இறுதி மூச்சிலும் அந்த ஷஹாதத்தை உள்ளம் ஒப்ப மொழியும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.